சீல் மாத்தியும் ஆயில் கசிவு நிக்கலன்னா இன்ஜின் மூச்சு விடுற வழியைப் பாருங்க

வணக்கங்க. பாலக்கோட்டுல இருந்து கேட்டிருக்கீங்க. 2004 மாடல் மாருதி 800, 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, ஒரே வருஷத்துல டேப்பெட் கவர் (இன்ஜின் தலைமேல இருக்கற மூடி) பேக்கிங் ரெண்டு தடவை மாத்தியாச்சு, முன்பக்க கிராங்க் சீலும் (கிராங்க் தண்டு வெளிய வர்ற இடத்துல ஆயிலைத் தடுக்கற ரப்பர் வளையம்) மாத்தியாச்சு, அப்பவும் ஆயில் கசியுது, இப்ப ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளயும் ஆயில் நிக்குது. மெக்கானிக் ஆயில் கேப்பைத் திறந்து பாத்துட்டு "பேக் கம்ப்ரெஷன் அடிக்குது, ஹாஃப் இன்ஜின் வேலை பாக்கணும்"னு சொல்லிட்டார் (பிஸ்டன் ரிங் தேஞ்சு எரியற கேஸ் கீழ தள்ளுது, இன்ஜினைப் பிரிச்சு ரிங் மாத்தணும்னு அர்த்தம்), செலவு பண்ணலாமா இல்ல வந்த விலைக்கு வித்துடலாமான்னு கேக்கறீங்க. இதுக்குள்ள இருக்கற நிஜமான கேள்வி வேறங்க. புதுசா போட்ட சீல் ஏன் நிக்க மாட்டேங்குது? அதுக்குப் பதில் தெரியாம இன்ஜினைப் பிரிச்சாலும் தப்பு, வண்டியை வித்தாலும் தப்பு.

நான் ஐ.டி.ஐ. முடிச்சுட்டு தர்மபுரியில 27 வருஷமா பெட்ரோல் வண்டி வேலை பாக்கறேன், அதுல பாதிக்கு மேல மாருதி 800, ஆம்னி, ஜென் மாதிரி வண்டிங்கதான். உங்க வண்டியைப் பாக்காம ரிங் நல்லா இருக்குன்னு நான் சொல்ல முடியாது. ஆனா நீங்க எழுதின அறிகுறி எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, இன்ஜினைப் பிரிக்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய ஒரு இடம் பாக்காம விட்டுப்போயிருக்குன்னு தைரியமா சொல்வேன். அது பிரீதர் லைனும் (இன்ஜின் மூச்சு விடற ஓஸ்) அந்த மூச்சைக் கட்டுப்படுத்தற பி.சி.வி. வால்வும். சர்வீஸுக்கு விட்டா ஆயில் மாத்துவாங்க, ஃபில்டர் மாத்துவாங்க, பிளக் பாப்பாங்க, இதை மட்டும் யாரும் தொடவே மாட்டாங்க. பத்து வருஷம் பதினஞ்சு வருஷம் ஆன வண்டியில கூட கம்பெனியில மாட்டின அதே ஓஸ் அப்படியே இருக்கும்.

ரிங் எவ்வளவு புதுசா இருந்தாலும் சிலிண்டர்ல எரியற கேஸ்ல கொஞ்சம் ரிங் ஓரமா நழுவி கீழ ஆயில் இருக்கற சேம்பருக்குள்ள வந்துக்கிட்டேதான் இருக்கும். புது வண்டியில கம்மி, பழைய வண்டியில ஜாஸ்தி, ஆனா இல்லாத இன்ஜினே கிடையாது. அதுல எரியாத பெட்ரோல் ஆவி இருக்கும், புகை இருக்கும், முக்கியமா தண்ணி இருக்கும். 1 லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணி ஆவியா உருவாகும், நம்ப கஷ்டமா இருக்கும் ஆனா கணக்கு அதுதான். கிட்டத்தட்ட எல்லாமே சைலன்சர் வழியா போயிடும், நழுவற கேஸோட கொஞ்சம் கீழ வரும். இதை வெளிய எடுக்கலன்னா சேம்பர்ல பிரஷர் ஏறும், ஆயில்ல தண்ணி சேரும். ரொம்பப் பழைய இன்ஜின்கள்ல ஒரு குழாயைக் கீழ ரோட்டைப் பாத்து விட்டுடுவாங்க, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவுல காத்து மாசு பெரிய பிரச்சினை ஆனப்புறம், 1960கள் ஆரம்பத்துலதான் இந்தக் கேஸை வெளிய விடாம திரும்ப இன்ஜினுக்குள்ளயே இழுத்து எரிக்கற ஏற்பாடு கார்கள்ல வந்துச்சு, அந்த ஏற்பாட்டுக்குப் பேருதான் பி.சி.வி.

உங்க இன்ஜின்ல வழி ரெண்டுங்க. ஒரு ஓஸ் ஏர் கிளீனர் பக்கத்துல இருந்து டேப்பெட் கவருக்கு வரும், அது வழியா சுத்தமான காத்து உள்ள போகணும். இன்னொரு பக்கம் பி.சி.வி. வால்வு வழியா மேனிஃபோல்டோட வேக்கம் (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்ல இருக்கற உறிஞ்சல்) அழுக்குக் கேஸை உறிஞ்சணும். வால்வுக்குள்ள ஒரு ஸ்பிரிங், ஒரு சின்ன ஊசி, அவ்வளவுதான். ஐடிலிங்ல வேக்கம் ஜாஸ்தி, கேஸ் கம்மி, அப்ப ஊசி இழுபட்டு வழியைச் சுருக்கிடும். மிதிச்சு ஓட்டறப்ப வேக்கம் குறையும், கேஸ் ஜாஸ்தி வரும், ஸ்பிரிங் ஊசியைப் பின்னாடி தள்ளி வழியை அகலமாக்கும். மேனிஃபோல்டுல பேக் ஃபயர் அடிச்சா மூடிக்கும். பிசின் ஏறி இந்த ஊசி மாட்டிக்கிச்சுன்னா ரெண்டு விதமா தொந்தரவு. மூடின நிலையில மாட்டினா கேஸுக்குப் போக வழியில்ல, சுத்தக் காத்து வர வேண்டிய ஓஸ்லயே தலைகீழா ஏறி ஏர் கிளீனருக்குப் போகும், கூடவே ஆயில் துளியையும் தூக்கிட்டுப் போகும். உங்க ஏர் ஃபில்டர் பெட்டியில ஆயில் நிக்கறது இதோட அப்படியே பொருந்துது. அந்த ஓஸும் பாதி அடைச்சிருந்தா மிச்சப் பிரஷர் சீல் ஓரத்தைத்தான் தேடும். வீட்டுல குக்கர்ல வெயிட் அடைச்சுக்கிட்டா கேஸ்கெட் ஓரமா ஆவி பீச்சும் பாருங்க, அதேதான். வெயிட்டைக் குத்தி விடாம கேஸ்கெட்டை மட்டும் எத்தனை தடவை மாத்தினாலும் நிக்காது, உங்களுக்கு ரெண்டு தடவை பேக்கிங் மாத்தியும் நிக்கல இல்லையா. திறந்த நிலையில மாட்டினா கதை வேற, மேனிஃபோல்டுக்கு வேண்டாத காத்து போயி ஐடிலிங் ஆடும், இல்ல ஏறி நிக்கும், ஆயில் குடிக்கும், பிளக் கருப்பாகும். நீங்க ஐடிலிங் பத்தி ஒண்ணும் எழுதல, அதனால உங்களுது அடைப்புப் பக்கம்தான்னு நினைக்கறேன்.

2009ல ஒரு ஆம்னி வந்துச்சு, காரிமங்கலத்துக்காரர், தக்காளி ஏத்தி ஓட்டறவர். பின்பக்க கிராங்க் சீல்ல ஆயில் வந்து கிளட்ச் பிளேட் நனைஞ்சு வழுக்குதுன்னு கியர் பாக்ஸை இறக்கி சீல் மாத்திக் கொடுத்தேன். ஒண்ணரை மாசத்துல திரும்ப வந்துட்டார், திரும்ப இறக்கினேன், சீல் உதடு புதுசு மாதிரியே இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல. அப்பதான் எனக்கு உறைச்சது. ஆம்னியில இன்ஜின் சீட்டுக்குக் கீழ இருக்கறதால பிரீதர் ஓஸ் கண்ணுலயே படாது. வெளிய தொட்டுப் பாத்தா ஓஸ் நல்லா கெட்டியா இருந்துச்சு, எடுத்து ஊதினா காத்தும் போச்சு, அதனால விட்டுடலாம்னுதான் நினைச்சேன். ஏதோ தோணி பிளேடை வெச்சு நீளவாக்குல கிழிச்சுப் பாத்தா, உள் லேயர் ரப்பர் ஆயில்ல ஊறி வெளி லேயர்ல இருந்து உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்குது, தீக்குச்சி நுழையற ஓட்டைதான் மிச்சம் இருந்துச்சு. நான் ஊதினப்ப அந்த நாக்கு விலகி வழி விட்டிருக்கு, இன்ஜின் உறிஞ்சறப்ப ஒட்டிக்கிட்டு அடைச்சிருக்கு. கிளட்ச் பிளேட்டோட காசை நான் வாங்கல, ஆனா ரெண்டு தடவை வண்டி நின்னதுல அவருக்குப் போன லோடை நான் திருப்பித் தர முடியாது. அன்னிலேர்ந்து எந்த வண்டிக்கு ஆயில் சீல் போட்டாலும் முதல்ல ஓஸைக் கழட்டி வெளிச்சத்துல வெச்சு உள்ள பாத்துட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கறது.

நீங்களே செஞ்சு பாக்கற மாதிரி சொல்றேன், ஸ்க்ரூ டிரைவரும் பிளேயரும் போதும். காலையில இன்ஜின் ஆறியிருக்கறப்ப டேப்பெட் கவர்ல இருந்து கிளம்பற ரெண்டு ஓஸையும் விரலால பிடிச்சுக்கிட்டே கடைசி வரைக்கும் போங்க. எங்கயாவது பிசுபிசுன்னு உப்பியிருக்கா, வெடிச்சிருக்கா, வளையற இடத்துல மடங்கியிருக்கா பாருங்க. மேனிஃபோல்டுக்குப் போற லைன்ல இருக்கறதுதான் பி.சி.வி. வால்வு. வால்வை இன்ஜின் பக்கம் கழட்டிட்டு, மேனிஃபோல்டு பக்கம் ஓஸ் மாட்டினபடியே ஸ்டார்ட் பண்ணி, வால்வோட வாயை விரலால மூடுங்க. விரலை நல்லா இழுக்கணும், ஐடிலிங்ல லேசா மாத்தம் தெரியணும். இழுக்கலன்னா வால்வோ ஓஸோ மேனிஃபோல்டு துவாரமோ ஒண்ணு அடைச்சிருக்கு. அப்புறம் ஆஃப் பண்ணிட்டு வால்வைத் தனியா எடுத்துக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, டக் டக்னு ஊசி ஆடற சத்தம் வரணும். சத்தம் வரலன்னா வால்வு போச்சு, அது நிச்சயம். சத்தம் வருதுன்னா நல்லா இருக்குன்னு மட்டும் எடுத்துக்காதீங்க, ஸ்பிரிங் தளர்ந்தாலும் சத்தம் வரும். எப்படியும் சில நூறு ரூபாய் சாமான், கார்பரேட்டர் கிளீனர் அடிச்சு சுத்தம் பண்றதை விட புதுசே போடறது நல்லது. போடறப்ப அதே மாடலுக்கு உண்டானதுதானான்னு கேட்டு வாங்குங்க, ஒவ்வொரு இன்ஜினுக்கும் எவ்வளவு காத்து விடணும்னு கணக்குப் பண்ணித்தான் அந்த ஓட்டையைப் போட்டிருக்காங்க. வால்வுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு, திருப்பி மாட்டினா அடைச்சதுக்குச் சமம், திருப்பி மாட்டின வண்டிங்க ரெண்டு மூணு எங்கிட்டயே வந்திருக்கு. ஓஸும் ஆயிலுக்கு நிக்கற ஓஸா பாத்து வாங்குங்க, ரேடியேட்டர் தண்ணி ஓஸையோ வெள்ளை பிளாஸ்டிக் டியூபையோ வெட்டி மாட்டினா ஆறு மாசத்துல மறுபடியும் உப்பிடும். டேப்பெட் கவரை எப்படியும் கழட்டத்தான் போறீங்க, அதுக்குள்ள ஆயிலைத் தடுக்கற தகடு ஒண்ணு இருக்கும், அதுக்குப் பின்னாடி கருப்பு மெழுகு மாதிரி படிஞ்சிருந்தா டீசல்ல ஊறப் போட்டுக் கழுவி, நல்லாக் காயவெச்சு மாட்டச் சொல்லுங்க.

இப்ப ஆயில் கேப்பைத் திறந்து பாக்கற விஷயம். இதை வெச்சே எத்தனையோ நல்ல இன்ஜினைப் பிரிச்சுப் போட்டிருக்காங்க, பழைய வண்டி வாங்கி விக்கறவங்களும் இதைக் காட்டித்தான் விலையைக் குறைப்பாங்க. கேப்பைத் திறந்த உடனே உள்ள இருக்கற வேக்கம் ஏற்பாடே கலைஞ்சு போயிடுது, அதுக்கப்புறம் நீங்க பாக்கறது இன்ஜின் ஓடற நிலைமையே கிடையாது. மூணு சிலிண்டர் இன்ஜின்ல பிஸ்டன் ஏறி இறங்கறதுலயே வாய்கிட்ட காத்து துடிக்கும், கேமும் ராக்கரும் சுத்தற இடம்கறதால ஆயில் துளியும் தெறிக்கும், நல்ல இன்ஜின்லயே இதெல்லாம் இருக்கும். புகைவண்டி மாதிரி குபுகுபுன்னு தள்ளி, கேப்பைத் தூக்கிப் போடற அளவுக்கு இருந்தா ரிங் மேல சந்தேகப்படறதுல நியாயம் இருக்கு. நடுத்தரமா அடிக்குதுன்னா ஒண்ணும் சொல்ல முடியாது. பி.சி.வி. அடைச்சு சேம்பர்ல பிரஷர் தேங்கியிருந்தாலும் திறந்ததும் அதே மாதிரிதான் புஸ்ஸுனு வரும்.

ரிங்கைப் பாக்க சரியான வழி கம்ப்ரெஷன் கேஜ்தான். மூணு பிளக்கையும் கழட்டிட்டு, ஆக்ஸிலரேட்டர் முழுசா மிதிச்சபடி ஒவ்வொரு சிலிண்டரா பாத்து நம்பரை எழுதி வாங்குங்க. ஒண்ணுக்கொண்ணு 15 பி.எஸ்.ஐ.க்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. எதாவது ஒண்ணு கம்மியா இருந்தா பிளக் ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாக்கச் சொல்லுங்க. நம்பர் ஏறினா ரிங்கோ போரோ (சிலிண்டரோட உள் சுவர்) தேஞ்சிருக்கு, ஏறலன்னா இன்ஜின் ஹெட்ல இருக்கற வால்வு பக்கம் கசிவு. இதைச் செய்யாம ஹாஃப் இன்ஜின்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க.

கேஜ் கிடைக்கலன்னா நம்ம ஊர்ல கடவுள் கொடுத்த இன்னொரு இடம் இருக்கு, தொப்பூர் கணவாய். தர்மபுரியில இருந்து சேலம் பக்கம் இறங்கறப்ப கியர்ல போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டு இறங்குவீங்க இல்லையா, வண்டியைக் கியர்தான் பிடிச்சுக்கிட்டு வரும், அப்ப மேனிஃபோல்டுல வேக்கம் உச்சத்துல இருக்கும். வால்வு ஸ்டெம் சீல் (ஹெட்ல இருக்கற வால்வுத் தண்டுல ஆயிலைத் தடுக்கற சீல்) தேஞ்சிருந்தா அந்த வேக்கம் ஆயிலை உறிஞ்சு சேத்து வெச்சுக்கும், கீழ இறங்கி முதல் தடவை மிதிக்கறப்ப பின்னாடி ஒரு மேகம் நீலமா வந்து அப்புறம் நின்னுடும். திரும்பி வர்றப்ப அதே மேட்டுல நாலு பேர் உக்காந்து ஏறினா வேக்கம் கம்மி, கேஸ் ஜாஸ்தி. ஏற ஏற நிக்காம நீலப் புகை வந்தா ரிங்கா இருக்க வாய்ப்பு அதிகம். புகையே இல்லாம மேல வந்து நிறுத்திப் பாத்தா டேப்பெட் கவர் ஓரம் ஈரமாவும் ஏர் ஃபில்டர் நனைஞ்சும் இருந்தா மூச்சுக்குழாய் அடைப்புதான். இது கேஜ் மாதிரி துல்லியம் இல்ல, ஆனா எனக்குப் பெரும்பாலும் சரியா வந்திருக்கு. முழு மேட்டுல ஏறினப்புறம் பிரீதர் ஓஸ்ல லேசா ஆயில் ஈரம் இருக்கறது நல்ல வண்டியிலயும் உண்டு, அதைப் பாத்துப் பயப்படாதீங்க. அப்புறம் பின்னாடி வர்ற லாரியைப் பாத்துக்குங்க, அந்த இறக்கத்துல புகையைப் பாக்கற வேலையைப் பின் சீட்டுல இருக்கறவர்கிட்ட விடுங்க, நீங்க கண்ணாடியில பாக்காதீங்க.

உங்க கேள்வியில ஒரு வரி எனக்கு ரொம்ப முக்கியமா பட்டுச்சு, வண்டி தினமும் ஓடறது 4 கிலோமீட்டர்தான், பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பறதுன்னு எழுதியிருக்கீங்க. அடைப்பு வர்றதுக்குக் காரணமே அதுவா இருக்கலாம். 4 கிலோமீட்டர்ல தண்ணி டெம்பரேச்சர் முள்ளு மேல வந்துடும், ஆனா ஆயில் சூடாக இன்னும் நேரம் பிடிக்கும். ஆயில் நல்லா சூடானாத்தான் உள்ள சேந்த தண்ணி ஆவியாகி பி.சி.வி. வழியா வெளிய போகும், இல்லன்னா ஆயிலோட கலந்து வெண்ணெய் மாதிரி வெளுத்த பசையா ஆயில் கேப்புக்கு அடியில ஒட்டும், ஓஸ்லயும் ஒட்டும். மார்கழி தை மாசத்துல ராயக்கோட்டை, தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்து வண்டிங்கள்ல இதை நிறையப் பாக்கறேன். ஹெட் கேஸ்கெட் போச்சுன்னு பயந்துக்கிட்டு வருவாங்க. ரேடியேட்டர் தண்ணி குறையாம, ஆயில் ஸ்டிக்ல ஆயில் தெளிவா இருந்து, கேப்புல மட்டும் வெள்ளையா இருந்தா பெரும்பாலும் ஆவித் தண்ணிதான். ஸ்டிக்லயே பால் காப்பி மாதிரி இருந்தா, இல்ல தண்ணி குறைஞ்சுக்கிட்டே வந்தா வண்டியை ஓட்டாதீங்க, அது கேஸ்கெட் விவகாரம்.

இதோட இன்னொண்ணும் பாருங்க, உங்க வண்டியில தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற வால்வு) இருக்கா? வெயில் ஊர், சூடாகக் கூடாதுன்னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போடற பழக்கம் நம்ம பக்கம் ரொம்ப வருஷமா இருக்கு. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே ரொம்ப நேரம் ஆகும், சின்ன ஓட்டத்துல வரவே வராது. பெட்ரோலும் ஜாஸ்தி குடிக்கும், தண்ணியும் உள்ளயே தேங்கும், மூச்சுக்குழாயும் சீக்கிரம் அடைக்கும். திரும்ப மாட்டச் சொல்லுங்க. வண்டி சூடாகுதுன்னா ரேடியேட்டரையும் ஃபேனையும் பாக்கணும், தெர்மோஸ்டாட்டைக் கழட்டறது அதுக்கு மருந்து கிடையாது.

அடைப்பைப் பாத்த உடனே சிலர் ஒரு வேலை செய்வாங்க, பிரீதர் ஓஸைப் பிடுங்கிக் கீழ தொங்க விட்டுடுவாங்க, இல்ல ஒரு தண்ணி பாட்டில்ல சொருகிடுவாங்க, மேனிஃபோல்டு துவாரத்துல போல்ட்டை வெச்சு அடைச்சுடுவாங்க. ஏர் ஃபில்டர்ல ஆயில் வர்றது நின்னுடும், வண்டிக்காரருக்கும் சந்தோஷம். தயவுசெஞ்சு இதுக்கு ஒத்துக்காதீங்க. பிரஷர் வேணா குறையும், ஆனா உறிஞ்சி வெளிய எடுக்கறது நின்னுபோச்சே, தண்ணியும் பெட்ரோல் ஆவியும் உள்ளயே தங்கி ஆயில் சீக்கிரம் கெடும். இன்ஜின் ஆறறப்ப அந்தத் திறந்த ஓஸ் வழியா வெளிக்காத்தை ஃபில்டர் இல்லாம உள்ள இழுக்கும். பர்கூர் பக்கம் கிரானைட் தூள் பறக்கற ரோட்டுல ஓடற வண்டிக்கு அது நேரா பேரிங்குக்கும் ரிங்குக்கும் வெக்கற உலை. வர்ற கேஸ் உடம்புக்கும் ஆகாது.

ஃபிளஷ் (இன்ஜின் உள்ள படிஞ்ச அழுக்கைக் கரைக்கற திரவம்) போடலாமான்னும் கேட்டிருந்தீங்க. இதுல மெக்கானிக்குங்களுக்குள்ளயே ரெண்டு கருத்து உண்டு. டேப்பெட் கவரைத் திறந்தா கருப்பா மெழுகு மாதிரி தடிமனா இருந்துச்சுன்னா நான் ஃபிளஷ் போட மாட்டேன், பெரிய கட்டியா பேந்து கீழ ஆயில் உறிஞ்சற ஸ்ட்ரெய்னர் வலையில அடைச்சா ஆயில் பிரஷரே போயிடும். அதுக்குப் பதிலா சாதா நல்ல ஆயிலை ஊத்தி 1000 கிலோமீட்டர்ல ஒரு தடவை, அடுத்த 2000ல ஒரு தடவை ஃபில்டரோட மாத்தினா மெதுவா கரைஞ்சு வந்துடும். அதுக்கப்புறம் உங்க மாதிரி சின்ன ஓட்டம் ஓடற வண்டிக்கு கிலோமீட்டரைப் பாக்காம ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, பத்து நாளைக்கு ஒரு தடவையாவது ஒகேனக்கலோ கிருஷ்ணகிரியோ ஒரு மணி நேரம் சூடா ஓட்டிட்டு வாங்க.

முன்பக்க சீல் கசிஞ்சிருக்குன்னு எழுதினதால ஒண்ணு சொல்லாம விட முடியல, டைமிங் பெல்ட் கவரைக் கழட்டிப் பாருங்க. ஆயில் பட்ட ரப்பர் பெல்ட் ஊறி பல்லு பேந்துடும். நனைஞ்சிருந்தா கணக்குப் பாக்காம மாத்திடுங்க, இது தள்ளிப்போடற வேலை இல்ல.

டீசல் வண்டிக்காரங்க படிச்சா அவங்களுக்கு ஒரு வார்த்தை. பொலேரோ, சுமோ மாதிரி டர்போ வண்டிங்கள்ல இந்த ஊசி வால்வு கதை அப்படியே பொருந்தாது, பிரீதர் ஓஸ் டர்போ உறிஞ்சற பக்கத்துல போய் சேரும். அங்க லேசா ஆயில் ஈரம் சகஜம், ஆனா ஓஸ்ல ஆயில் தேங்கி நின்னா உடனே பாருங்க, ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலே அந்தப் பக்கம் உறிஞ்சல் கூடி ஆயிலை இழுக்கும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளா எடுத்துக்கிட்டு, சாவியை ஆஃப் பண்ணியும் நிக்காம கத்திக்கிட்டு ஏறும். அப்படி ஆனா பிரேக்கை முழுசா மிதிச்சுப் பெரிய கியர்ல போட்டு கிளட்ச்சை விட்டு ஆஃப் பண்ணணும்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். நிச்சயமா சொல்றது இது: ஏர் ஃபில்டர்ல ஆயில் இருக்கறது கேஸ் தலைகீழா வர்றதோட அடையாளம், பிரஷர் குறையாம எந்த சீலும் நிக்காது. நான் கணிச்சுச் சொல்றது, உங்க ரிங் இன்னும் ஓடும்கறது. 1,10,000 கிலோமீட்டர் அந்த இன்ஜினுக்குப் பெரிய வயசு இல்ல, ஆனா 20 வருஷமா குளிர்ந்த இன்ஜினா சின்னச் சின்னதா ஓடியிருந்தா போர் தேஞ்சிருக்கவும் இடம் இருக்கு, அப்படித் தேஞ்சிருந்தா புது பி.சி.வி. வால்வு போட்டாலும் வர்ற கேஸை அதால சமாளிக்க முடியாது, கசிவு கொஞ்சம் குறையும், நிக்காது. அதனால வால்வு, ரெண்டு ஓஸ், தகடு சுத்தம், தெர்மோஸ்டாட், இதை முதல்ல முடிங்க. டேப்பெட் கவர் பேக்கிங்கை மூணாவது தடவையா மாத்துங்க, ஓரத்தைப் பெட்ரோல் துணியில சுத்தமா துடைச்சு விடுங்க, ஏர் ஃபில்டர் பெட்டியையும் துடைச்சுப் புது ஃபில்டர் போடுங்க. 500 கிலோமீட்டர் ஓட்டிட்டு ரெண்டு இடத்தையும் வெள்ளைத் துணியால ஒத்திப் பாருங்க. துணி காஞ்சு வந்தா ஹாஃப் இன்ஜின் பேச்சே வேண்டாம், வண்டியை வெச்சுக்குங்க. மறுபடியும் நனைஞ்சு வந்தா கம்ப்ரெஷன் எடுத்து மூணு சிலிண்டர் நம்பரையும், ஆயில் விட்டு எடுத்த நம்பரையும் இங்கயே எழுதுங்க, பாத்துட்டு என்ன செய்யலாம்னு சொல்றேன்.